வெள்ளச்சியின் குட்டிகள் கண் திறந்துவிட்டன

அன்பு மாறாத சகாயம் அக்காவுக்கு,

அத்தை, பெரியத்தான், என் வீட்டுக்காரர், உங்க மகள் ஜெனி, கீரனூரிலிருந்து உங்க தம்பி, அப்புறம் நான். உங்க முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்தது இவ்வளவு பேர்தான். மழை பிடித்துக்கொண்டதால் மற்றவர்களால் வர முடியவில்லை. யார் மேலும் வருத்தப்படாதீங்க.

சாப்பிட்டு இலை எடுப்பதற்குள் பெரியத்தான் சொல்லிவிட்டார். "முயல் கூண்டையெல்லாம் வித்துடலாம்னு இருக்கேன். அவ போனதுலேருந்து ஒரு குட்டி தங்கலை. எதுக்கு இந்தப் பாவம்?"

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்கப்பட்டு வந்த நாம ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின கொட்டகை அக்கா அது. ஓரகத்திகள் சேர்ந்து தொழில் பண்ணினால் உருப்படுமான்னு ஊரே கேட்டது நினைவிருக்கா? என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஈத்து பாக்குறேன் அத்தான். அதுவும் போச்சுன்னா வித்துடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ போடுற செபச் சத்தத்துலயே அதுங்க மிரளுதோ என்னவோ!"

இந்த ஒரு வருஷமும் நான் சும்மா இருந்தேன்னு நினைச்சுடாதீங்க. வெயில் காலத்தில் ஆண் முயல் சோர்ந்து கிடந்தான். சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டி, வெயில் தணியும் வரை காத்திருந்தேன். பெட்டைகள் கொழுத்துப்போய் சினை பிடிக்காமல் இருந்தன. தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினேன். சினை பிடித்தது, குட்டியும் போட்டன. ஆனால் நல்லபடியாகப் பிறந்த குட்டிகள் மறுநாள், ஈனுவதற்காகக் கூண்டில் வைத்த பெட்டிக்குள் செத்துக் கிடக்கும். எலியோ என்று கம்பிவலை அடித்தேன். தாகத்தில் தாயே தின்கிறதோ என்று தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டேன். எது எப்போது சேர்ந்தது, எத்தனை போட்டது, எத்தனை நின்றது, எல்லாம் எழுதியும் வைத்திருக்கிறேன். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

கடைசியில், செத்த குட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார்கள். "கடிச்ச தடமே இல்லையேம்மா. மிதிபட்டிருக்கு. தாய் எதையோ கண்டு மிரண்டு பெட்டிக்குள்ள குதிக்குது. எதுக்கு மிரளுதுன்னு கூடவே இருந்து பாருங்க."

அப்புறம்தான் வெள்ளச்சி குட்டி போட்டாள். பெரியத்தானிடம் நான் கேட்டு வாங்கின அந்த ஒரு ஈத்து. வழக்கம்போல சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே போனேன். பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டிப் புகை காட்டுகிற மாதிரி, நீங்க போனதிலிருந்து ஒவ்வொரு ஈத்துக்கும் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீங்க இல்லாத கொட்டகைக்கு ஒரு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று.

புகை கூண்டை நெருங்கியதும் வெள்ளச்சி பின்னங்காலால் பலகையை டப் டப்பென்று அடித்தாள். அடுத்த நொடி பெட்டிக்குள் ஒரே பாய்ச்சல். அவள் காலடியில் குட்டிகள்.

சட்டியை வெளியே வீசினேன். அதற்குள் ரெண்டு நசுங்கிவிட்டது. மற்றதையெல்லாம் அவள் பிடுங்கிப் போட்டிருந்த மார்முடிக்குள் பொத்தி வைத்துவிட்டு, வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தேன். புகையா அக்கா? இத்தனை குட்டியும் நான் காட்டின புகையிலா போச்சு? ஆனால் அழுதுகொண்டிருந்தால் மிச்சத்தை யார் பார்ப்பது? எழுந்துவிட்டேன்.

மறுநாள் அத்தை புதுச் சட்டியோடு வந்து நின்றார்கள்.

"உள்ள வேணாம் அத்தை. புகை இதுங்களுக்கு ஆகலை."

"ஏண்டி, பொறந்ததுக்குப் புகை காட்டலைன்னா சளி பிடிக்காதா?"

"பிடிக்காது. இது முயலு."

"அப்ப மாதாவுக்கு?"

"மாதாவுக்கு வீட்டுல காட்டுங்க. இங்கிட்டு காட்டலைன்னு மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. காட்டினா வெள்ளச்சி கோவிச்சுக்குவா."

"முயலுக்கு வாழ்க்கைப்பட்டவ மாதிரி பேசுறா" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள்.

இப்போது செபமாலையைக் கொட்டகைக்கு வெளியே நின்று, வாய்க்குள்ளேயே சொல்கிறேன். குட்டிகள் கண் திறந்துவிட்டன அக்கா! நேற்று பெரியத்தான் வந்து குனிந்து பார்த்தார். ஒரு குட்டி அவர் விரலை மோந்தது. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம்" என்றார். விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு இந்த அவகாசம் போதும்.

இதை நம்ம கோயில் பங்கு இதழுக்குக் கொடுக்கிறேன். முயல் வளர்க்கிற வேறு யாராவது என்னை மாதிரிப் புகை காட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தட்டும்.

நம்ம கூண்டுகளைக் காலியாக விட மாட்டேன். இது மாதா முன்னால் உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இப்போது இடக்குப் பண்ணுவது இன்னொரு பெட்டை, கருப்பி ஒருத்திதான். ஆண் கூண்டுக்குள் கொண்டுபோய் விட்டால் மூலையில் ஒண்டிக்கொள்கிறாள். காலையில் விட்டுப் பார்த்தேன், சாயங்காலமும் விட்டுப் பார்த்தேன். நீங்க மட்டும் அவளை எப்படியோ வழிக்குக் கொண்டுவருவீங்களே, அது எப்படி? உங்களால் சொல்ல முடியாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்க. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்க.

உங்க ஓரகத்தி,
ஸ்டெல்லா