லேக் வியூ சிட்டியில் மீன்பிடி

மே 4, ஞாயிறு

உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் வீட்டு எருமை இன்று காலை முதல் மாநகரவாசி. அது படுத்துக் கிடக்கும் கண்மாய்க் கரையில் ‘லேக் வியூ மெட்ரோ சிட்டி – ஏரிக்கரையில் மாநகர வாழ்க்கை’ என்று போர்டு நட்டுவிட்டார்கள். தண்ணீரோ முழங்கால் அளவு, நிறமோ கருப்பு. லேக் வியூ இல்லை, லேகிய வியூ.

சிரிக்கக் கூடாது. மனை விற்கும் ஏஜென்ட் என் அண்ணன் பிரவீன்குமார். அடுத்த ஞாயிறு திருச்சி பார்ட்டி வருகிறது. அவர்கள் மனை எடுத்தால் அண்ணன் ஊரிலேயே இருப்பான். இல்லையென்றால் மறுபடி கத்தார்.

மே 10

நாளைக்கே மீன்பிடித் திருவிழாவும். ஊர்ப் பெரியவர் அய்யாக்கண்ணு சாமி கும்பிட்டு, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். அதற்குள் பார்ட்டியை அனுப்பிவிட அண்ணன் தவிக்கிறான்.

“நீ அங்கிட்டு வந்துறாதடா, ஒன்னய கும்புட்டுக் கேக்குறேன்.”

போவேன்.

மே 11



மனை பார்க்க வந்த திருச்சி அம்மா, “எவ்வளவு அமைதியா இருக்குங்க!” என்றார். அமைதியாம்! கரைமேல் ஏறி என் வெள்ளைத் துண்டைச் சுழற்றினேன். சும்மா, ஒரு ஷோ காட்டலாமென்று. எதிர்க்கரையில் காத்திருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் வலையும் ஊத்தாக் கூடையுமாக மொத்தமாக இறங்கிவிட்டார்கள்.

“சாமி கும்புடலடா, ஏறுங்கடா!” – எங்கள் ஊர் கம்போடு பாய்ந்தது.

“துண்டு வீசுனது ஒங்க ஊருதானடா!”

மண்டை உடையும் சத்தம் தேங்காய் மாதிரி இல்லை. ஈரமாக இருக்கிறது. ஒருத்தன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு செவந்தி அக்காவை மிதித்துக்கொண்டே போனார்கள். திருச்சி காரின் கண்ணாடி நொறுங்கியது. விலக்கப் போன அண்ணன் தலையில் கம்பு இறங்கியது. இன்னொன்று. சேற்றில் குப்புற விழுந்தான். மேலயே மிதிக்கிறாய்ங்க... டேய், அவன் எந்திரிக்கலடா!

நான் விடுவேனா? ஒருத்தனுக்கு மூக்கு, ஒருத்தனுக்குப் பல். மூன்று பேரைச் சாய்த்தேன்.

மே 12

அண்ணன் தலை முழுக்கக் கட்டு. போலீஸ் இரண்டு ஊரிலும் ஆள் பிடிக்கிறது. அய்யாக்கண்ணு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

“துண்டு வீசுனது யாரு தம்பி?”

அண்ணன் என்னைப் பார்த்தான். “நாந்தாங்க. பார்ட்டிக்குக் காட்டுறதுக்காக வீசுனேன்.”

நான் அண்ணனுக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன்.

மே 19

போர்டைப் பிடுங்கி எரித்துவிட்டார்கள்.

ஜூன் 22

ஊரில் அண்ணனோடு ஒருவரும் பேசவில்லை. இன்று அவனை பஸ் ஏற்றிவிட்டேன். கத்தார்.

“மூணு பேரச் சாச்சியாமுல்ல? கெட்டிக்காரப் பயடா நீ,” என்று தலையைத் தடவினான். தலையாட்டினேன்.

இல்லை. ஒருத்தனையும் தொடவில்லை. அவன் சேத்துல கெடந்தப்ப நான் திருச்சிக்காரங்க கார்ல பின்சீட்டுக்குக் கீழே சுருண்டு கெடந்தேன். அந்தம்மாதான் முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க. டவுசர் நனைஞ்சிருந்துச்சு – கண்மாய்த் தண்ணியில நான் எறங்கவே இல்ல.