இருநூற்றுப் பதினான்கு சிரிப்புகள்

அன்புள்ள சிந்த்ரேவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் குழந்தைகளும் நலம்தானே? கம்பளிக் கையுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், போடாமல் பெட்டியில் வைக்காதே. என்னடா அம்மா கையால் எழுதுகிறாளே என்று பார்க்காதே, செல்பேசியைத் தொடவே கூசுகிறது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மே முதல் சனிக்கிழமை நம் தெருவின் கூட்டு வேலை நாள். வழக்கம்போல் எல்லாரும் வந்து இலை வாரி, வேலியைச் சரிசெய்து, பிறகு வாஃபிள் தின்றோம். நம் தெரு ஒட்வார் மட்டும் வரவில்லை. அவர் வீட்டில் கார் நிற்கிறது, திரை மூடியிருக்கிறது, வாசலில் போன வருஷத்து இலை அப்படியே கிடக்கிறது, எனக்குச் சுருக்கென்று கோபம். வீட்டுக்கு வந்து முதலில் இணையத்தில் நம் ஊருக்கான பக்கத்தில், வந்தவர்களுக்கெல்லாம் நன்றி என்று நல்லபடியாகத்தான் எழுதினேன், நான்கு பேர் விருப்பம் போட்டார்கள், அதில் ஒன்று அப்பா. பிறகு அந்த இலைக்குவியல் படத்தைப் போட்டு, "சிலருக்கு முதுகுவலி வருஷத்துல ஒரே நாள்தான் வரும், அதுவும் சரியா வேலை நாள்ல" என்று எழுதினேன். மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு சிரித்த முகம்!

யாரோ அது ஒட்வார் வீடு என்று பெயரையே போட்டுவிட்டார். அவரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் சோம்பேறி, ஓசிச் சாப்பாடு என்று ஆரம்பித்தார்கள். "எடுத்துடு ஓஸ்ஹில், அந்த மனுஷன் படிப்பாரு" என்றார் அப்பா. நான் எடுக்காமல், "விடுங்க, போதும்" என்று அடியில் எழுதினேன், எழுதியதும் அது மறுபடி எல்லார் திரையிலும் மேலே வந்து நின்றது. நல்லதோ கெட்டதோ, யாராவது வாயைத் திறந்தால் போதும், அந்தப் பக்கத்துக்குக் கொண்டாட்டம். தெருச் சங்கத் தலைவி உன்னி அன்று சாயங்காலமே உண்மையை எழுதினாள், மனைவி மாரிட் இறந்ததிலிருந்து ஒட்வாருக்குக் கூட்டம் என்றால் மூச்சு முட்டுகிறது, தன்னிடம் சொல்லிவிட்டு வியாழக்கிழமையே தனியாக வந்து திடலின் ஊஞ்சல் முழுவதற்கும் வண்ணம் அடித்துவிட்டார் என்று. சனிக்கிழமை அந்தப் பச்சையைப் பார்த்து, யார் இவ்வளவு அழகாக அடித்தது என்று கேட்டதே நான்தான். உன்னி எழுதியதில் சண்டை இல்லை, அதனால் யாரும் பதில் போடவில்லை, பதில் இல்லாததைப் பக்கம் அடியில் அமுக்கிவிட்டது, 'மேலும் எண்பது கருத்துகள்' என்பதைத் தட்டினால்தான் தெரியும். ஆனால் சிந்த்ரே, நான் தட்டினேன். படித்தேன். படித்த பிறகும் ஞாயிறு மத்தியானம் வரை எடுக்கவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, என் பேச்சுக்கு இத்தனை பேர் சிரித்ததே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தின் மேல் பழியைப் போடலாம், அப்பா அப்படித்தான் தேற்றுகிறார், ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்கு யாரைச் சொல்வது? எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

மன்னிப்பு எழுதிப் போட்டேன், ஆறு பேர் பார்த்தார்கள், அதில் ஒருத்தி "அய்யோ, அந்த ஜோக்கை ஏன் எடுத்தீங்க" என்று வருத்தப்பட்டாள். மே பதினேழு, தேசிய நாள் அன்று தெருவெல்லாம் கொடி, ஒட்வார் வீட்டுக் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. மனசு கேட்காமல் கேக்கோடு போய்க் கதவைத் தட்டினேன். திட்டியிருந்தால் தேவலை, உள்ளே கூப்பிட்டுக் காபி ஊற்றினார். "உங்க வாய் எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமா கேக்கறேனே" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, நான் அழிப்பதற்கு முன் செல்பேசியில் படமாகப் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார், சிரித்தவர்களின் பெயர்ப் பட்டியல். நடுவில் ஒரு பெயரில் விரலை வைத்து, "சிந்த்ரேயுமா?" என்று மட்டும் கேட்டார்.

படத்தில் வீடு தெரியவில்லை, இலைதான் தெரிந்தது, அம்மா எழுதியதாயிற்றே என்று நீ தட்டியிருப்பாய். அவரிடம் அப்படித்தான் சொன்னேன், தலையாட்டினார், நம்பினாரா தெரியாது. அப்பா கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்த குளிர்காலமெல்லாம் உன்னைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போன மனுஷன். நான் கெடுத்ததற்கு உன்னைக் கேட்க நாக்கு கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன், அவருக்கு இரண்டு வரி எழுது. அந்த இணையப் பக்கத்தில் வேண்டாம், தாளில் எழுதித் தபாலில் போடு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அவர்களுக்கு என் முத்தம். மறந்திருப்பாய், அவர் வீட்டு எண் பதினொன்று. உன் கடிதம் வந்ததா என்று நான் அவரிடம் கேட்க மாட்டேன், கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

தலைகுனிந்து,
உன் அம்மா
ஓஸ்ஹில்