பனிக்குச் சாத்திய ஜன்னல்கள்

என் அன்பு மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஜன்னல்கள் உண்டா, தெரியவில்லை. இங்கே வட்டகொடையில், நம் தோட்டத்துக் கோயிலில் அவை அப்படியே இருக்கின்றன. உன்னை அடக்கம் செய்தபின் வெகுநாள் அவற்றைச் சாத்தத்தான் ஆளில்லாமல் இருந்தது.

ஞாயிறு மாலை ஆராதனையில், பனி தேயிலை மேட்டைத் தாண்டியதும் நீ எழுந்துபோய் ஒவ்வொரு பலகையாகச் சாத்துவாய். பிரசங்கம் எந்த உச்சத்தில் இருந்தாலும் உனக்குக் கவலையில்லை. அதுவும் ஓர் ஊழியம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிறகு அட்டன் பக்கமிருந்து ஒரு போதகர் வந்தார். வெள்ளை அங்கி, தேன் குரல். பனி உள்ளே நுழைந்து பீடத்தை மறைக்கும்போது, "மகிமையின் மேகம் இறங்குது, கண்ண மூடுங்க" என்பார். ஆண்டவர் அதற்குள்ளிருந்து தம்மோடு மட்டும் பேசுகிறாராம். இனி வீட்டில் வேதம் வாசிக்கத் தேவையில்லையாம்.

பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதை எப்படி நம்பினீர்கள் என்பாய். நம்மை இந்நாட்டார் என்று ஏற்கக் கேட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் பதிலில்லை, மாப்பிள்ளை. மேகத்திலிருந்தாவது ஒரு பதில் வந்தால் தேவலை என்றிருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மேகம் முதலில் சேவல்களை விரும்பியது. லயம் லயமாக, வீட்டு வரிசை ஒன்றுவிடாமல், கொழுத்ததாகப் பார்த்துக் கேட்டது. ஒரு ஞாயிறு உன் பெயரைச் சொன்னது.

"அருளப்பன் பேசுறாரு," என்றார் போதகர். "எம் மக எஸ்தரு படிச்சது போதும், போதகர் வீட்டுல இருந்து ஊழியம் செய்யட்டும்ங்கிறாரு."

எஸ்தர் தன் தாயின் முந்தானையைப் பற்றினாள். மறுத்தால் ஆண்டவரையும் மறுத்ததாகும், உன்னையும் மறுத்ததாகும். உன் மனைவி, என் தங்கை ராகேல், எழுந்தாள். பீடத்துக்குப் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் போனாள். கொண்டி விழுந்த சத்தம் உன் காலத்துச் சத்தம்.

"ஏம்மா, மகிமைய வெளிய நிறுத்துறியா?"

"பிள்ளைங்களுக்குச் சளி புடிக்குதுங்க ஐயா."

"அப்ப ஆண்டவர் எப்புடி வருவாரு?"

"கதவு பூட்டியிருந்தப்பவே சீஷருங்க நடுவுல வந்து நின்னவருங்க. இந்தப் பலகையா அவர மறிக்கும்?" கடைசி ஜன்னலையும் சாத்தினாள். "நீங்க சொல்லுங்க ஐயா. எம் புருஷன் இன்னும் என்ன சொல்றாரு?"

பனி மெல்லக் கலைந்தது. பீடம் தெரிந்தது. எங்களைக் கண் மூடச் சொன்னவர் தம் கண்களை மூடியதே இல்லை என்பதும் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ, "எங்க சேவலு என்ன சொல்லுது, அதையும் கேளுங்க!" என்றார்கள். அன்றைய கடைசி ஜெபம் மிகச் சுருக்கமாக இருந்தது.

போதகர் இப்போது மஸ்கெலியா பக்கம் இருக்கிறாராம். அங்கும் பனிக்குப் பஞ்சமில்லை. ஜன்னல்களைப் பற்றி அந்தச் சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

எஸ்தர் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறாள். வீட்டில் வேதத்தை அவள்தான் சத்தமாக வாசிக்கிறாள். உன் குரலின் சாயல் அதில் கொஞ்சம் இருக்கிறது.

ஜன்னல் சாத்தும் வேலை இப்போது எனக்கு. சில மாலைகளில் பலகைக்கு அப்பால் பனி மூச்சுவிடுகிறது. நீ நிற்பதாகத் தோன்றுகிறது. கை தானாகக் கொண்டிவரை போகிறது. நீதானா?

வாக்குக் கொடுக்கிறேன்: உன் குரலே கேட்டாலும் திறக்க மாட்டேன். மெய்யாகவே நீயாக இருந்தால், "பனி உள்ள வருது, சாத்துங்க மச்சான்" என்றுதானே சொல்வாய்?

உன் மகளுக்குத் தாய்மாமனாக இன்னும் காவல் இருக்கும்
உன் மச்சான்,
ஞானமுத்து