மலைப்பாதையில் குமட்டல் எனக்குத்தான்

என்றும் என் அன்புக்குரிய உங்களுக்கு,

பேத்தி ரீனாவின் கல்யாணத்துக்கு நான் போக மறுப்பதாக நம் கோயில் பங்கில் ஒரு பேச்சு ஓடுகிறது. மாப்பிள்ளை வேறு சபைக்காரர் என்பதால் கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்கிறார்களாம். இரண்டும் தவறு. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. நிமிர்ந்து உட்காருகிறான், கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்கிறான். கல்யாணம் கொடைக்கானலில் என்பதுதான் என் சிக்கல்.

அந்த மலைப்பாதை வளைவுகள் என் வயிற்றை என்ன பாடு படுத்தும் என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். நீங்களோ போய்விட்டீர்கள். ஆன்மாக்கள் மாதத்துக்காக, இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதலாம் என்று நம் பங்கு இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நம் மகன் சேவியர் சமயநல்லூரிலிருந்து போன் செய்தான். மலை ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்றேன். சிரித்தான்.

“அது அப்பாவுக்குல்லம்மா? வராததுக்கு வேற காரணம் சொல்லுங்க.”

“எனக்குத்தான்டா.”

“இத்தன வருசமா இல்லாத வாந்தி இப்ப எங்கிட்டிருந்து வந்துச்சு? மாப்ள வீட்டப் பிடிக்கலன்னா நேராச் சொல்லிருங்கம்மா. ரீனா அழுதுக்கிட்டு இருக்கா.”

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள், பார்த்தீர்களா? உண்மையைச் சொன்னால் சாக்கு என்கிறான் நீங்கள் வளர்த்த பிள்ளை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து என் பேத்தி அழுகிறாள்.

சரி, யாரையும் நம்ப வைக்க வேண்டாம், குமட்டலை நிறுத்திக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். “இம்புட்டு இஞ்சியத் தட்டிச் சாறெடுத்து, தேனுல கொழச்சு நக்கிட்டு வண்டியில ஏறச் சொல்லுங்க பெரியம்மா. அம்புட்டுத்தான்” என்றாள். அப்படியே செய்து, சோதித்துப் பார்க்க வண்டியூர் வரை ஆட்டோவில் போனேன். தெப்பக்குளம் வருவதற்குள் நெஞ்சு எரிந்தது. இன்னொரு நாள் சீரகத் தண்ணீர். ஏப்பம் வந்தது, குமட்டலும் கூடவே வந்தது. செபமாலைக் கூட்டத்தில் ஒருத்தி வெறும் வயிற்றோடு போகச் சொன்னாள். அதைப்போல மோசமான யோசனை வேறில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டால் பித்தம்தான் மேலே வருகிறது. இதையெல்லாம் இவர்கள் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் தெரியுமா? ஒருவருக்காவது மலைப்பாதையில் வாந்தி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கடைசியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, சமயநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். பின் இருக்கைதான் கிடைத்தது. மலையே இல்லாத சாலை. அதிலேயே எனக்கு வேர்த்துக் கொட்டியது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“என்னாத்தா, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. எலுமிச்சம்பழம் எதுவும் வச்சிருக்கீகளா?”

“இல்லை” என்றேன்.

கைப்பையில் இருந்தது. அத்தனை பேர் பார்க்கப் பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பாதி வழியில் இறங்கி, ஒரு டயர் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “வயசான காலத்துல தனியா விட்டுட்டாங்களே ஒங்கள, என்ன குடும்பமோ” என்றார். அவர் சொன்னது தவறு என்று திருத்த நினைத்தேன். வாயில் தண்ணீர் இருந்தது.

உங்களோடு போனபோதும் இதே இட்லி, இதே எலுமிச்சம்பழம்தானே? அப்போது மட்டும் எப்படிக் கேட்டது?

நீங்கள் முதல் ஆளாக ஏறி முன் இருக்கையைப் பிடிப்பீர்கள். “எனக்கு மலைப்பாத ஆகாது தம்பி, நான் சொல்ற எடத்துல கொஞ்சம் ஓரங்கட்டுங்க” என்று டிரைவரிடம் சொல்லி வைப்பீர்கள். என் முகம் மாறினால், உங்களுக்கு வருவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை நிறுத்தச் சொல்வீர்கள். பழத்தின் தோலை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு, “கொஞ்சம் பிடி” என்று என் கையில் கொடுப்பீர்கள். உங்கள் துணைக்கு இறங்கியவள்போல நானும் இறங்கிக் காற்று வாங்குவேன். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. உங்கள் அடக்கத்தன்று உங்கள் தம்பிகூட, “அண்ணனுக்கு வண்டிப் பிரயாணம் ஒண்ணுதான் சேராது” என்று சொல்லி அழுதார்.

நீங்கள் அதைச் செய்ததற்கு நன்றி. ஆனால் பையனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், உண்மை. நான் கேட்டதையெல்லாமா செய்தீர்கள்? வெற்றிலையை விடச் சொன்னேன், விட்டீர்களா? இதை மட்டும் ஏன் இப்படிக் கட்டிக் காத்தீர்கள்? இப்போது எனக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆகையால் நானே சொல்லிவிட்டேன். நம் கே.கே. நகரில் உள்ள அத்தனை பேரும் படித்துச் சிரிக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும்.

ரீனாவின் கல்யாணத்துக்கு நான் போவேன். வழியில் எத்தனை தரம் இறங்க வேண்டியிருந்தாலும் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ரீனாவின் அப்பத்தா,
ஸ்டெல்லா

சேவியருக்கு: வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு வேண்டும். நான் கேட்கும் இடத்தில், ஏன் என்று கேட்காமல், வண்டி நிற்க வேண்டும். இவை இரண்டுக்கும் சம்மதமா என்று ரீனாவிடமும் கேட்டு எனக்கு எழுது. போனில் வேண்டாம், நீ சிரிப்பாய். தபாலில் பதில் அனுப்பு.