மஞ்சள் கோடு போட்ட ஜமக்காளம்

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து மகளிர் குழுத் தறிக்கொட்டகைக்குப் போனேன். திலகாக்கா எனக்கு முன்பே பெரிய தறியில் உட்கார்ந்திருந்தாள். "கனகா, நாடாவப் புடி" என்றாள்.

கனகாவாம். நாலு வருஷமாக என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டாள். என் மகள் இளவரசியைத் தன் மகன் வினோத்குமாருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று இதே தறியில் உட்கார்ந்து சொன்ன வாய் அது.

23 ஜனவரி, வியாழன்

தெரிந்துவிட்டது. வினோத்குமாருக்குச் சாலவாக்கத்தில் பெண் பார்த்து முடித்தாகிவிட்டது. டவுன் பஸ்ஸில் பக்கத்துத் தெரு பிரபா சொன்னாள். ஊருக்கே தெரியும், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது.

பெரிய தறியில் ஒருத்தியாக நெய்ய முடியாது. இடது ஓரம் நான், வலது ஓரம் அவள். குறுக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையை நான் எறிந்தால் அவள் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். நூலை நெருக்கும் பலகையை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து அடிக்க வேண்டும். நாளைக்கும் அவளோடுதான் உட்கார வேண்டும். எப்படி?

24 ஜனவரி

திலகாக்காவிடம் கேட்டே விட்டேன். "அவனுக்கு ஒரகடம் கம்பெனில வேல பர்மனென்ட் ஆயிட்ச்சி கனகா. இனிமே அவன் இஷ்டம். நான் இன்னா பண்றது?" என்றாள், நூலைப் பார்த்துக்கொண்டே.

அவன் இஷ்டமா? சட்டை எடுக்கக்கூட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவன்.

இளவரசியிடம் சொன்னேன். "வுடும்மா" என்றாள். குளிக்கப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாவி, என் பெண்ணை அழ வைத்துவிட்டாள்.

28 ஜனவரி

ஜமக்காளம் கோணிவிட்டது. என் பக்கம் இறுகி, அவள் பக்கம் தொளதொளவென்று கிடந்தது. "இன்னாம்மா, ஆளுக்கொரு ஜமக்காளம் நெய்றீங்களா?" என்றார் மேஸ்திரி கன்னியப்பன். பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். அவள் ஓரத்தை அவள், என் ஓரத்தை நான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் இடமில்லை என்று திலகாக்கா வீட்டிலேயே வைத்தார்கள். போகாவிட்டால் வயிற்றெரிச்சல் என்பார்களே, போனேன்.

கூடத்தில் விரித்திருந்ததைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் கோடு. எங்கள் பிள்ளைகளின் நிச்சயத்துக்கென்று வேலை முடிந்த பிறகும் இருந்து நாங்கள் இரண்டு பேரும் நெய்தது. மஞ்சள் வேண்டும் என்று கேட்டவள் நான். அதன்மேல் யாரோ உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள்.

சரி, உட்காரட்டும் என்றுதான் இருந்தேன். பெண்ணின் அம்மா தடவிப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"வாங்கல. நானே நெய்ஞ்சது" என்றாள் திலகா.

பின்னாலேயே காபித் தட்டோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள். பார்த்தும் திருத்திச் சொல்லவில்லை. அவ்வளவு அகலத்தை ஒருத்தியாக எப்படி நெய்தாய் என்று அங்கே ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் பெண்ணை வேண்டாமென்றதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேனோ என்னவோ. இதை மாட்டேன்.

3 பிப்ரவரி

மேஸ்திரியிடம் கால்மிதி நெய்கிற சின்னத் தறியைக் கேட்டேன். கூலி குறைச்சல் என்றார். இருக்கட்டும்.

10 பிப்ரவரி, திங்கள்

பெரிய தறி சும்மா கிடக்கிறது. அதில் நெய்ய வேறு யாருக்கும் கை பழகவில்லை. திலகா தன் ஓரத்திலேயே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சின்னத் தறியில் நாடாவை நானே எறிந்து நானே பிடிக்க வேண்டும். எறிகிறேன். வலது கை பிடிக்க மறந்துவிடுகிறது. நாடா கீழே விழுகிறது. காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று.

மத்தியானம் ஒருமுறை விழுந்தது சறுக்கிக்கொண்டு அவள் காலடியில் போய் நின்றது. எடுத்தாள். பழையபடி என் பக்கம் எறியக் கையை ஓங்கினாள். என் கையும் தானாக நீண்டது.

அவள் எறியவில்லை. எழுந்து வந்து என் தறிப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.