தண்ணீர்க் குழியில் தெரிந்த கோடு

மார்ச் 4
நாற்பது நோயாளிகளுக்குச் செருகியிருந்த சிறுநீர்க் குழாய்களிலிருந்து எடுத்த பாக்டீரியா. குழாயின் உட்சுவரில் வழவழவென்று படலம் கட்டிக்கொண்டு, எந்த மருந்துக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வகை. படலம் கட்ட வைக்கும் மரபணு எவற்றில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. இன்று மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை முடிந்தது. நாற்பதிலும் மரபணு இருப்பதைக் காட்டும் கோடு! பேராசிரியர், "கலக்கிட்டேம்மா" என்றார்.

நாற்பத்தொன்றாவது குழியில், சரிபார்ப்பதற்காக, வெறும் தண்ணீர்தான் விட்டிருந்தேன். அதில் எதுவும் தெரியக் கூடாது. அதிலும் மங்கலாக ஒரு கோடு. எங்கோ ஏதோ கலந்துவிட்டது. அப்படியானால் மற்ற நாற்பதையும் நம்ப முடியாது. படத்தில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அவரிடம் காட்டினேன்.

மார்ச் 5
திரும்பச் செய்ய ஒரு வாரம்தானே ஆகும்? ஏன் செய்யவில்லை?

மார்ச் 12
பக்கத்து மேசை அக்கா அதே நாற்பதையும் வளர்த்து, சாயமேற்றிப் பார்த்தார். படலம் கட்டியவை பதினேழுதான். பேராசிரியர் எல்லோர் முன்னாலும் அக்காவிடம், "மரபணு நாப்பதுலயும் இருக்குன்னு இவ காட்டிட்டா. உன் கையிலதான் கோளாறு. திரும்பச் செய்" என்றார்.

அக்கா என்னிடம் வந்து, "உன் கை சுத்தம்டி. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சீ.

மார்ச் 20
அக்காவுக்கு மூன்றாவது முறையும் பதினேழு. மாநாட்டுக் கட்டுரையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கண் சிவந்து கழிப்பறையிலிருந்து வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். டீ! வாயத் திறக்க வக்கில்ல, டீ வாங்கிக் குடுக்கறேன்.

மார்ச் 21
அம்மா போனில்: "மாநாட்டுக்குப் போறியாமே! அத்தைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்." ஏம்மா சொன்னே?

மார்ச் 23
சொல்லிவிட்டேன். முதலில் அக்காவிடம். வெட்டாத படத்தை நீட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை நாளா என் கையையே நான் நம்பலயே" என்றார். அவ்வளவுதான். பேராசிரியரும் திட்டவில்லை. "வேற எதையாவது வெட்டியிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா?

ஏப்ரல் 9
எல்லாக் கரைசல்களையும் கொட்டிவிட்டு, புதிதாகக் கலந்து, அக்காவின் கண் எதிரில் மீண்டும் செய்தேன். தண்ணீரில் ஒன்றுமில்லை. பத்தொன்பதில் கோடு; அக்காவின் பதினேழும் அதில் அடக்கம். மாநாட்டுக்கு அவர்தான் போகிறார். வாழ்த்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அக்கா சொன்னார்:

"நீங்க கிளம்புங்க. நான் பூட்டிக்கறேன்."

நீங்களாம்.