உன் இலையில் நாசி லெமாக்

அக்கா, உன் மகன் வெள்ளிக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்குகிறான். பயணச்சீட்டை நேற்று எனக்கு அனுப்பிவிட்டான்; அதனால் இதை உறுதி என்று எழுதுகிறேன். மறுநாள் உன் முதலாம் ஆண்டுத் திதி. எடுத்து வைத்திருக்கும் அஸ்தியை மாமல்லபுரம் கடலில் கரைத்துவிட்டு, நீ பிறந்த திருக்கழுக்குன்றம் வீட்டிலேயே படைக்க வேண்டும் என்கிறான். இலையில் உனக்கு நாசி லெமாக் வைக்க வேண்டுமாம். தேங்காய்ப்பால் சோறு வரைக்கும் நம் அண்ணனுக்கு மறுப்பில்லை. அதன் மேல் வைக்கும், நெத்திலிக் கருவாடு போட்ட மிளகாய்ச் சம்பலில்தான் பேச்சு நின்றுபோனது.

இன்று காலை பத்திரிகைக்கு ஒரு செய்தி எடுக்கக் கோவளம் போயிருந்தேன். மணலில் வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். அந்த வாடை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "இன்னா அண்ணாத்த, வாங்கவும் மாட்டேன்ற, மோந்து பாத்துகினே நிக்கிற?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானோ மலேசியாவில், உன் ஈப்போ வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன்.

நான் அங்கே வந்தது ஒரே முறைதான். முதல் நாள் காலையில் முனைக்கடையிலிருந்து வாழையிலைப் பொட்டலங்கள் வாங்கி வந்தாய். எனக்கு வேர்க்கடலையும் வெள்ளரித்துண்டும் மட்டும் வைத்த பொட்டலம். உன்னுடையதைப் பிரித்தபோது சிவப்புச் சம்பலுக்குள் நெத்திலி இருந்தது. கோயில் ஊழியம் பார்க்கும் சைவ வீட்டில் பிறந்தவள் நீ. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பத்திரிகைக்காரன்தானே, கேட்டுட்டு எழுது" என்றாய். கேட்டேன்.

கல்யாணமாகிப் போன முதல் வருஷம், பக்கத்து வீட்டு மலாய் அம்மா வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் நீட்டுவாராம். வதக்கிய கங்கோங் கீரை. கீரைதானே என்று நீயும் ருசித்துச் சாப்பிட்டாய். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று புளியோதரையோ பாயசமோ நிரப்பிக் கொடுத்தாய். ஒருநாள் அவர் வீட்டுக்குள் போனபோது, மிளகாயோடு ஏதோ பழுப்புக் கட்டியை இடித்துக்கொண்டிருந்தார். பெலாச்சான் என்றார். இறாலைப் புளிக்க வைத்து அரைத்த கட்டி. வருஷம் முழுக்க நீ சாப்பிட்ட கீரையில் அதுதான் இருந்தது.

"ஓடிவந்து வாந்தி எடுக்கப் பாத்தேன்டா, வரல. மறுநாள் வேலி மேல கிண்ணம். நான் எடுக்காம இருந்தா அந்தம்மா மொகம் என்னாகும், சொல்லு."

எடுத்தாய். தெரிந்தே சாப்பிட்டாய். பிறகு அது உனக்குப் பிடித்தும் போனது.

அன்று மாலை என்னை மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாய். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் பரிமாறுகிறவரை "அண்ணே" என்றே கூப்பிட்டார்கள். பன்றி ஆகாதவரும் மாடு ஆகாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு எது ஆகாது என்று முதலிலேயே தெரிந்துகொள்கிறார்கள், அப்புறம் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தேத்தண்ணி ஆறுது, குடிடா" என்று கடிந்தாய்.

கோவளத்திலிருந்து நேராக, நாம் பிறந்த வீட்டிலேயே இருக்கும் அண்ணனிடம் போனேன். உன் மகன் அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தான். இலையில் அது இல்லையென்றால் கடற்கரையிலேயே படைத்துவிட்டு, வீட்டுப்படி ஏறாமல் திரும்பிவிடுவேன் என்றிருக்கிறான். என்னிடம் இவ்வளவு கறாராகப் பேசவில்லை. "ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அதான் சாப்டாங்க லா, மாமா. வேற எத வைக்கிறது?" என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே போனில் கெஞ்சினான். அவன் திரும்பிப் போய்விட்டால் நமக்கும் அவனுக்கும் இருக்கும் உறவு அதோடு சரி. அண்ணனுக்கும் அது தெரியும்.

"செத்தவளுக்கு ரெண்டு வூடு இருக்கலாம்டா. சாமிக்கு இந்த ஒரு வூடுதான்" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. பிறகு, "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"விரும்பியா சாப்டா?"

"ஆமா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உனக்கு என்ன பிடிக்கும் என்று நம் வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

யாராவது எதையாவது நீட்டினால், கொடுப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கிண்ணத்தைப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து நான் கொண்டுவந்தது அதுதான், அக்கா. ஆனால் அண்ணனின் முகத்தையும் உன் மகனின் முகத்தையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். "தம்பி, தோட்டத்துப் பக்கம் தனியா கல்லு கூட்டி, புதுச் சட்டியில ஆக்கினா ஆகாதா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் உள்ளே அண்ணனுக்குக் கேட்டிருக்கும். ஆகாது என்று அண்ணன் சொல்லவில்லை. ஆகும் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், கோயிலிலிருந்து வந்ததும் சொல்கிறேன் என்றார்.